வெறுங்கையோடு போகாத அக்கா

அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய முகம் அல்ல, கதிரை. மடித்துத் தோளில் கொழுவிக்கொண்டு போகிற பச்சைத் துணிக் கதிரை. கோடை தொடங்கியதும் அது அலுமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வரும். குளிர்ச் சட்டையைத் தேடுகிற காலம் வரும்வரை திரும்பப் போகாது.

ரொறொன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்து எலிவேற்றரில்தான் அவரை முதன்முதல் கண்டேன். பட்டுச்சீலை உடுத்து, கொண்டையில் பூ வைத்து, தோளில் அந்தக் கதிரையும் கையில் ஒரு துணிப்பையுமாக நின்றார். சனிக்கிழமை மத்தியானம். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில்.

"எந்தக் கோயிலில அக்கா திருவிழா?" என்று கேட்டேன்.

"கோயில் இல்லைத் தங்கச்சி. ஏரிக்கரையில கச்சேரி. ஏதோ ட்ரம்பெற் ஊதுறவையாம். கூப்பிட்டிருக்கினம். நீரும் வாறீரே?"

"உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்களோ?"

"இல்லை, லைப்ரரி வாசலில நோட்டீஸ் ஒட்டியிருக்கினம். எல்லாரும் வரலாம் எண்டு போட்டிருக்கு. எல்லாரும் எண்டா நாங்களும்தானே?"

நான் பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறவள். கிழமை முழுவதும் பல்வலிக்காரருடன் கதைத்துக் களைத்து, சனிக்கிழமை என்றால் கட்டிலைத் தவிர வேறு ஊர் தெரியாதவள். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குள் இருந்தால் அவிந்து போவேன் போலிருந்தது. அதனால்தான் போனேன். அதற்குப் பிறகு எத்தனையோ கோடை அவர் பின்னால் அலைந்ததற்கு வேறு காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவரோடு போனால் சந்தோஷமாக இருக்கும், அவ்வளவுதான்.

அக்காவின் குணத்தை ஒரு வரியில் சொல்லலாம். ஊருக்கெல்லாம் பொதுவாக ஒட்டிய நோட்டீசை அவர் தனக்கு வந்த கலியாண அழைப்பாக எடுத்துக்கொள்வார். அப்படி எடுத்துக்கொண்டபடியால் நல்ல குடும்பத்திலிருந்து வந்த விருந்தாளி எப்படி நடக்க வேண்டுமோ அப்படி நடப்பார். நல்ல உடுப்பு உடுப்பார். நேரத்தோடு போவார். முன்வரிசையில் இருப்பார். நான் எங்கே போனாலும் வாசலுக்குக் கிட்ட, பின்வரிசையில், எழும்பி ஓட வசதியாக இருக்கிற ஆள். அன்றைக்கு ஏரிக்கரையிலும் பின்னுக்கு நின்று சாடை காட்டினேன்.

"என்னப்பா நீர்? கலியாண வீட்டுக்குப் போய் செருப்பு வைக்கிற இடத்திலயே இருக்கிறனீர்? செய்யிற ஆக்கள் என்ன நினைப்பினம்? வாரும் முன்னுக்கு."

எல்லாவற்றையும்விட முக்கியம், அவர் வெறுங்கையோடு போகமாட்டார். அந்தத் துணிப்பைக்குள் எப்போதும் பருத்தித்துறை வடை இருக்கும். மெல்லிசாகத் தட்டி, மிளகாய்த்தூளும் சோம்பும் போட்டு மொறுமொறுவென்று பொரித்தது. கிழமைக்கணக்கில் வைத்தாலும் பழுதாகாது. கச்சேரி முடிந்ததும் எல்லோரும் கதிரையை மடித்துக்கொண்டு ரயிலுக்கு ஓடுவார்கள். அக்கா மேடைக்குப் பின்னால் போவார். அன்றைக்கு அங்கே காவலுக்கு நின்ற பெடியன் மறித்தான். அக்கா அவனுக்கும் ஒரு வடையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

ட்ரம்பெற் ஊதியவர் கதவை அடைக்கிற அளவு பெரிய மனிதர். வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அக்கா வடைப் பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டி, "வெரி நைஸ். வீ என்ஜோய்" என்றார். பிறகு தமிழில், "போட்டு வாறம்" என்றார். எங்கள் ஆட்கள் யாரும் ஒரு வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது 'போறன்' என்று சொல்வதில்லை. போய்விட்டுத் திரும்பி வருவேன் என்றுதான் சொல்ல வேண்டும். இங்கிலிசில் அதற்குச் சரியான சொல் இல்லை என்று அக்கா எப்போதும் அதைத் தமிழிலேயே சொல்வார்.

அந்த மனிதர் மரியாதைக்கு ஒரு வடையை முழுசாக வாய்க்குள் போட்டார். கண் கலங்கிவிட்டது. "தட்ஸ் சம்திங்!" என்று இருமிக்கொண்டே இன்னொன்றை எடுத்தார். அடுத்த கோடையில் அதே மேடையில் வாத்தியத்தைக் கையில் எடுத்தவர், முன்வரிசையில் பட்டுச்சீலையைக் கண்டு, ஊதுவதை விட்டுவிட்டுக் கையை வாயருகே கொண்டுபோய் விசிறிக் காட்டினார். சனம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அக்கா துணிப்பையைத் தூக்கிக் காட்டினார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

இன்னொரு தரம் மில்லிக்கன் பக்கம் ஒரு பிளாசாவில், கார் நிறுத்துகிற இடத்தில் மேடை போட்டு சீனத்துக் கூத்து. பஸ் மாறி மாறிப் போனோம். ஒரு சொல் விளங்கவில்லை. முடிந்ததும் அக்கா ராணி வேஷக்காரியிடம் போய் வடையை நீட்டினார். உதட்டுச் சாயம் கலையும் என்று அவள் அதை அகலமான சட்டைக்கைக்குள் போட்டுக்கொண்டாள். நாங்கள் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டோம். பின்னால் ஒரு சேனாதிபதி, முகத்தில் சிவப்பும் கறுப்புமாக வர்ணம், முதுகில் கொடிகள் ஆட ஆட ஓடி வந்தார். கையில் ஒரு பை தோடம்பழம். அக்காவுக்கு அன்று வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

"பாரும், முறை தெரிஞ்ச சனம். பதிலுக்குத் தருகினம்."

இதையெல்லாம் எங்கள் சனம் பகிடி பண்ணாமல் விடுமா? ரூஜ் பக்கம் ஒரு பிறந்தநாள் வீட்டில், கறுவாத் தேத்தண்ணியும் கையுமாக இருந்த ஒரு அங்கிள் எல்லோருக்கும் கேட்க, "அக்கா சும்மா எண்டா சுடலைக்கும் போவா" என்றார். சிரிப்பு எழும்பியது. எனக்குச் சுறுக்கென்றது. அக்காவும் சேர்ந்து சிரித்தார்.

"ஓம் அண்ணை, காசு குடுத்துப் போற இடத்தில எனக்கு ஒரு சோலியும் இல்லை. காசோட கணக்குத் தீர்ந்திடும். சும்மா கூப்பிடுற இடத்திலதான் கடமை கிடக்கு. அதாலதான் போறன்."

அங்கிள் தேத்தண்ணியைக் குடித்தார்.

ஒருநாள் பார்க்கில் நாடகம். பாதியில் மழை. எல்லோரும் ஓடினார்கள். நானும் எழும்பினேன். அக்கா குடையை விரித்து என் கையைப் பிடித்து இருத்தினார். "நடிக்கிறவை நனையினம். நாங்கள் ஓடுறதே?" நடிகர்கள் எங்களைப் பார்த்தார்கள். பிறகு மிச்ச நாடகத்தை எங்கள் இரண்டு பேருக்கும் நடித்துக் காட்டினார்கள். அந்தக் குடைக்குள் இருந்துதான் அவர் தன் கதையைச் சொன்னார்.

கனடா வந்த புதிதில் பகலில் தொழிற்சாலை, மாலையில் அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை. பனியையும் பஸ்சையும் தவிர இந்த ஊரில் ஒன்றும் அவர் பார்க்கவில்லை. ஒருநாள் மத்தியானம் நகரத்துக்குள் பஸ்சைத் தவறவிட்டு, குளிர் தாங்காமல், கதவு திறந்திருந்த ஒரு தேவாலயத்துக்குள் ஒதுங்கினாராம். உள்ளே ஒருவர் ஓர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். கேட்க ஏழெட்டுப் பேர்தான். முடிந்ததும் அந்த மனிதர் இறங்கி வந்து, அக்காவின் கையைப் பிடித்து, வந்ததற்கு நன்றி என்றார்.

"தங்கச்சி, இந்த நாட்டில அதுவரைக்கும் எல்லாரும் என்னட்டை ஏன் வந்தனீ எண்டுதான் கேட்டவை. எயாப்போட்டில கேட்டவை. அகதிக் கேசில கேட்டவை. வேலையிலயும் கேட்டவை. வந்ததுக்கு நன்றி எண்டு சொன்னது அந்த மனுசன் ஒராள்தான். நான் வெறுங்கையோட நிண்டன். எனக்கு வெக்கமாப் போச்சு. அடுத்த கிழமை வடை சுட்டுக்கொண்டு போனனான்."

மழையில் நான் அழுதது அவருக்குத் தெரிந்திருக்காது.

பிறகுதான் பாரிஸ் வந்தது. அக்காவின் தம்பியார் அங்கே. அவருடைய மகளுக்குக் கலியாணம். அக்காவின் கணவர் விமானம் ஏறுவதில்லை என்று சத்தியம் பண்ணியிருந்தார். ஒரே ஒரு தரம் ஏறியதே போதுமாம். அதனால் துணைக்கு நான்.

"கலியாணத்துக்குச் சனம் நிறைய வரும். நான் போறது அதுக்கு இல்லை" என்று விமானத்தில் சொன்னார். "அவன் அந்த ஊரில கிழவனாகப் போறான். சமைக்கிற குசினியும் வீடும் லாச்சப்பலில மரக்கறிக் கடையும்தான் அவனுக்குத் தெரியும். ஒரு இடத்துக்குள்ளயும் போகமாட்டான். ஒரே ஒரு இடத்துக்குள்ள எண்டாலும் அவனைக் கொண்டுபோய் என்ரை பக்கத்தில இருத்திப்போட்டுத்தான் வருவன்."

தம்பியார் நல்ல மனிதர். மெலிந்தவர், மீசை நரைத்தவர், எந்நேரமும் தலையில் தொப்பி. கலியாணம் முடிந்து, மாப்பிள்ளை பொம்பிளை பயணம் போக, அவருக்கும் லீவு கிடைத்தது. ஒவ்வொரு நாளும் எங்களைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். எந்த மெற்றோவில் ஏறுவது, எங்கே மாறுவது எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாசல்வரை வருவார். அங்கே நின்றுவிடுவார்.

"நீங்கள் போட்டு வாங்கோ. நான் இஞ்சை நிக்கிறன்."

ஐரோப்பிய நகரங்கள் கோடையில் எவ்வளவு தாராளமாக இருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. காசு கேட்காத அருங்காட்சியகங்கள் இருந்தன. பூங்காவில் மேளக்கூட்டுக்காரர் தொப்பி போட்டுக்கொண்டு வாசித்தார்கள். ஆற்றங்கரையில் மாலையானால் முன்பின் தெரியாதவர்கள் கைகோத்து ஆடினார்கள். அக்காவுக்குக் கண் இரண்டு போதவில்லை. ரொறொன்ரோவிலிருந்து கொண்டுபோன வடை மளமளவென்று குறைந்தது. ஓவியங்களுக்குக் காவல் நின்ற பெண்ணுக்கு வடை. மேளக்காரருக்கு வடை. ஆற்றங்கரையில் பாட்டுப் போட்ட பெடியனுக்கும் வடை. எல்லோரிடமும் "போட்டு வாறம்."

தம்பியார் மட்டும் வெளியே. அருங்காட்சியகத்துக்கு எதிரே வாங்கில். பூங்காவில் வேலிக்கு அந்தப் பக்கம். ஆற்றங்கரையில் மேலே பாலத்தில் நின்று எங்களைப் பார்த்துக் கை காட்டினார். அக்கா கெஞ்சினார், பேசினார், ஒருநாள் கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். மனிதர் அசையவில்லை.

"ஏன் அண்ணை, ரிக்கெற்றும் இல்லை, ஒண்டும் இல்லை. சும்மா வரலாமே?" என்று நான் வாங்கில் அவருக்குப் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

அவர் தொப்பியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளை, வந்த நாளில என்னட்டை விசாக் காட் இல்லை. கனகாலம் இல்லை. ஒரு வாசலில காவலுக்கு ஆரும் நிண்டால் அந்தத் தெருவாலயே போகமாட்டன். இப்ப காட் இருக்கு, பாஸ்போட்டும் இருக்கு. கால்தான் போகுதில்லை."

நான் இதை அக்காவிடம் சொன்னேன். அவர் அன்று மாலை வடிவாகச் சாப்பிடவில்லை.

நாங்கள் திரும்புவதற்கு முதல்நாள் மத்தியானம். தம்பியார் வீட்டுக்குக் கிட்ட ஒரு தெருவால் நடந்துகொண்டிருந்தோம். ஒரு சின்னத் தேவாலயம், கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளேயிருந்து பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து பாடுகிற சத்தம். அப்படி ஒரு பாட்டு. அக்கா நின்றுவிட்டார்.

"கச்சேரி!"

முந்தின நாள்தான் இன்னொரு தேவாலயத்தில் ஓர்கன் கச்சேரி கேட்டிருந்தோம். அதனால் எனக்கும் சந்தேகம் வரவில்லை. தம்பியார் வழக்கம்போல, "போட்டு வாங்கோ" என்று எதிர்ப்பக்கம் மர நிழலுக்குப் போனார். வாசலில் கறுப்பு உடுப்பில் நின்ற பெண் எங்களுக்கு ஒவ்வொரு தாள் தந்தாள். அதில் நரைத்த தலையோடு சிரிக்கிற ஒரு மனிதரின் படம். கீழே பிரெஞ்சு. என்னுடைய பிரெஞ்சு கனடாவில் பால் பெட்டியில் படித்த பிரெஞ்சு. அந்தத் தாளில் இருந்த ஒரு சொல்லும் பால் பெட்டியில் இல்லை.

"பாட்டுக்காரரின்ரை படம் போல" என்றார் அக்கா.

உள்ளே எல்லோரும் கறுப்பு உடுப்பு. அதிலும் எங்களுக்கு ஒரு புதினமும் தெரியவில்லை. இந்தச் சங்கீதக்காரர் எல்லோரும் கறுப்புத்தானே உடுப்பார்கள்? முன்னால் ஒரு சின்ன மேசையில் அதே மனிதரின் பெரிய படம், அதைச் சுற்றிப் பூக்கள், ஒரு மெழுகுதிரி. எங்கள் கச்சேரிகளில் மேடைக்குப் பக்கத்தில் ஒரு பழைய வித்துவானின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைப்பார்கள் அல்லவா? அப்படித்தான் என்று நினைத்தோம். முன்வரிசை கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது. ஒரு தொங்கலில் வயதான ஒரு பெண் மட்டும் இருந்தார். அக்கா மாம்பழ நிறப் பட்டுச்சீலையைச் சரிசெய்துகொண்டு நேரே போய் முன்வரிசை நடுவில் இருந்தார். பக்கத்தில் நான்.

இன்னொரு பாட்டுப் பாடினார்கள். ஒரு ஆண்குரல் தனியே ஏறி, மற்றக் குரல்கள் அதைத் தாங்கிப் பிடித்து இறக்கின. நான்கூடக் கண்ணை மூடிவிட்டேன். பாட்டு முடிந்தது. தேவாலயம் மூச்சு விடாமல் இருந்தது. அந்த அமைதிக்குள் அக்கா கைதட்டினார்.

அக்காவுக்கு அரைகுறையாகக் கைதட்டத் தெரியாது. கையை மார்புக்கு நேரே தூக்கி, முழு மனத்தோடு தட்டுவார். கூரைவரை போய்த் திரும்பி வந்தது சத்தம். நானும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டேன். பிறகுதான் வேறு யாரும் தட்டவில்லை என்று கண்டேன். பாடியவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண் கைக்குட்டையால் வாயைப் பொத்தினாள்.

அந்த நேரம் பின்னால் காலடிச் சத்தம். திரும்பிப் பார்த்தேன். தம்பியார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து, நடுப்பாதையால் ஓடி வந்தார். மர நிழலில் நின்றவர் பொழுது போகாமல் வாசலில் ஒட்டியிருந்த அறிவித்தலை வாசித்திருக்கிறார்.

"அக்கா, எழும்பு! இது செத்தவீடு!"

"என்ன?"

"அந்தப் படத்தில இருக்கிறவர் செத்துப்போனார். அவருக்குப் பூசை நடக்குது. எழும்பு, கெதியா!"

அக்காவின் கை வாய்க்குப் போனது. படத்தைப் பார்த்தார். கறுப்பு உடுப்புகளைப் பார்த்தார். தன் மாம்பழச் சீலையைப் பார்த்தார். எங்களுக்குச் செத்தவீட்டு நிறம் வெள்ளை, இவர்களுக்குக் கறுப்பு என்பது அறிவில் இருந்தும் அந்த நேரம் எங்கள் இரண்டு பேருக்கும் மண்டையில் ஏறவில்லை. நான் எழும்பிவிட்டேன். அக்கா எழும்பவில்லை. தம்பியாரின் கையைப் பிடித்து இழுத்தார்.

"செத்தவீட்டுக்கு வந்திட்டு இடையில எழும்பிப் போறதே? அது முறையில்லை. இரு."

"அக்கா..."

"இரடா!"

அவர் இருந்தார். அக்காவின் பக்கத்தில், முன்வரிசையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நானும் திரும்ப இருந்தேன். பாதிரியார் ஏதோ படித்தார். எல்லோரும் எழும்பியபோது எழும்பினோம், இருந்தபோது இருந்தோம். தம்பியார் முதலில் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பாட்டுத் தொடங்கியபோது பார்த்தேன். தலையை நிமிர்த்தி, கூரைக்குக் கீழே இருந்த நீலக் கண்ணாடி யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்ததும் முன்வரிசைத் தொங்கலில் இருந்த வயதான பெண் எங்களை நோக்கி நடந்து வந்தார். இறந்தவரின் மனைவி அவர். தம்பியாரிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். தம்பியாரின் முகம் வெளிறியது.

"எங்களுக்கு இவரை எப்பிடித் தெரியும் எண்டு கேக்கிறா. என்ன சொல்ல? என்னோட குசினியில வேலை செய்தவர் எண்டு சொல்லட்டே?"

"செத்தவீட்டில பொய் சொல்லாதை" என்றார் அக்கா. "கச்சேரி எண்டு நினைச்சு வந்திட்டம், பாட்டு நல்லாயிருந்துது, அதால கைதட்டினனாங்கள், மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொல்லு."

அவர் சொன்னார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, தொப்பியைக் கசக்கிக்கொண்டு சொன்னார். அந்தப் பெண் கேட்டுக்கொண்டே நின்றார். திடீரென்று அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வேகமாக ஏதோ சொன்னார். சுற்றி நின்ற பாடகர்களும் சிரிக்கத் தொடங்கினார்கள்.

"அக்கா, இவவின்ரை மனுசன் வாலிப வயதிலயிருந்து இந்தக் குழுவில பாடினவராம்" என்று தம்பியார் மொழிபெயர்த்தார். "கோயிலுக்குள்ள பாடினா ஒருத்தரும் கைதட்டுறேல்லையாம். ஒவ்வொரு ஞாயிறும் வீட்டை வந்து, இண்டைக்கும் ஒரு கைதட்டும் இல்லை எண்டு முறைப்பாடாம். இண்டைக்குக் கிடைச்சிட்டுதாம்."

அக்கா மூக்கை உறிஞ்சினார். அந்தப் பெண் இன்னும் ஏதோ சொன்னார். தம்பியாரின் குரல் தடக்கியது.

"வந்ததுக்கு நன்றி எண்டு சொல்லுறா."

பிறகு அவர் தம்பியாரின் கையையும் பிடித்து அதையே சொன்னார். அது எனக்கு விளங்கியது, மொழிபெயர்க்கத் தேவையில்லாமல் இருந்தது. தம்பியார் கையை உடனே இழுத்துக்கொள்ளவில்லை. அக்கா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். மழையும் குடையும் எனக்கு ஞாபகம் வந்தன. இந்த முறை அழுததை நான் ஒளிக்கவில்லை.

கடைசிப் பொட்டலம் வடை அந்தப் பெண்ணுக்குப் போனது. அதைக் கொடுத்துவிட்டு அக்கா வழக்கம்போல வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. செத்தவீட்டில் 'போட்டு வாறம்' என்று சொல்லக் கூடாது. திரும்பி வருவோம் என்று சொல்கிற இடம் அல்ல அது. சொல்லாமல்தான் வெளிக்கிட வேண்டும். எந்த வாசலிலும் சொல்லாமல் வந்திராத மனுஷி, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்தார். தெருவுக்கு வந்ததும், "என்ரை வாழ்க்கையில இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு சொல்லை விழுங்கினதில்லை" என்றார். தம்பியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் அடுத்த சிக்கல் உடனே வந்தது. செத்தவீட்டுக்குப் போனால் குளிக்காமல் வீட்டுக்குள் போக முடியாது. தம்பியார் இருப்பது அடுக்குமாடியில். இப்போதுதான் கலியாணம் நடந்த வீடு. கிணறா இருக்கிறது வெளியில் நின்று அள்ளி வார்க்க?

"அதுக்கென்ன, இந்த ஊரில எல்லாம் சும்மாதானே" என்றார் அக்கா.

ஆற்றங்கரையில் கோடைக்கென்று நிலத்திலிருந்து தண்ணீர் பீறிடுகிற ஒரு முற்றம் இருந்தது. பிள்ளைகள் அதற்குள் கத்திக்கொண்டு ஓடினார்கள். அக்கா செருப்பைக் கழற்றி, சீலைத் தலைப்பை இடுப்பில் சொருகி, நேரே நடுவில் போய் நின்றார். தண்ணீர் தலைக்கு மேல் எழும்பி விழுந்தது. நான் "ஐயோ" என்று கத்திக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். தம்பியார் ஓரத்தில் நின்றார். தன் வழக்கம்போல, "நீங்கள் போட்டு..." என்று தொடங்கினார். வசனத்தை முடிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி என் செருப்புக்கு மேல் வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

சப்பாத்தோடு வந்தார். ஒரு சின்னப் பெட்டை அவருக்குத் தண்ணீர் அடித்தாள். அவர் திருப்பி அடித்தார். அக்கா அந்த இடத்தில், அத்தனை சனத்துக்கு நடுவில், தம்பியின் தலையைப் பிடித்துத் தண்ணீரில் அமுக்கி, சின்ன வயதில் குளிக்க வார்ப்பதுபோல் தேய்த்தார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பைப் பார்த்து ஒரு ஆள் படம் எடுத்தார். அந்த மனிதருக்குக் கொடுக்கப் பையில் ஒன்றும் மிச்சமில்லை என்பதுதான் அக்காவின் ஒரே கவலை. சொட்டச் சொட்ட மெற்றோவில் வந்தோம். எங்களுக்குப் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை.

அக்கா இப்போது எங்கள் கட்டடத்தில் இல்லை. மகளோடு எட்மன்ரனுக்குப் போய்விட்டார். அங்கேயும் லைப்ரரி உண்டு, நோட்டீஸ் உண்டு, கோடைதான் கொஞ்சம் கட்டை என்று முறைப்பாடு. பச்சைக் கதிரையை என்னிடம் விட்டுப் போனார். எலிவேற்றரில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும்போது, என்னை எந்தக் கோயிலில் திருவிழா என்று கேட்கிறார்கள்.

போன கிழமை அவரிடமிருந்து அழைப்பு.

"தங்கச்சி, ஒரு புதினம் கேளும். தம்பி வொய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறான். அந்தப் பாட்டுக் குழுவின்ரை கச்சேரியாம் நேற்று, அதே கோயிலில. இந்த முறை உண்மையான கச்சேரி. அந்த மனுசி நோட்டீஸ் குடுத்து விட்டிருக்கிறா. இவன் தனியப் போயிருக்கிறான். ஆரும் கூட்டிக்கொண்டு போகேல்லை. தானாப் போய் முன்வரிசையில இருந்தனான் எண்டு சொல்லுறான்!"

அவருடைய குரல் உடைந்திருந்தது.

"நீங்கள் என்ன அக்கா சொன்னனீங்கள்?"

"நான் என்னத்தைச் சொல்லுறது? வெறுங்கையோடயே போனனீ எண்டு கேட்டன்."

"அதுக்கு?"

"விடிய முன்னமே எழும்பி வடை சுட்டவனாம். மூண்டு தரம் கருகிப்போச்சாம். கருகாததைக் கொண்டு போய்க் குடுத்திட்டு, போட்டு வாறன் எண்டும் சொல்லிப்போட்டு வந்தவனாம்."